படம் ஓடுது, சத்தம் எங்கே?



2007-ல் நடந்த சித்தப்பா கல்யாண டி.வி.டி.யைக் கடையில் கொடுத்து, பென் டிரைவில் ஏற்றி வந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன். மறைந்த தாத்தா மைக் பிடித்து வாழ்த்திப் பேசுகிறார். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. "என்னடா, வாயை மட்டும் அசைக்கிறாரு?" என்றார் அப்பத்தா.

உடனே நான் செய்தது தவறு. சவுண்ட் டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினேன். ஒரு மணி நேரம் போச்சு, பலன் பூஜ்யம். லேபில் நமக்குச் சொல்லித் தந்தது என்ன? சர்க்யூட்டை இரண்டாகப் பிரி, பழுது எந்தப் பாதியில் என்று பார். ஒலிக்கும் ஒரு பாதை உண்டு: வீடியோ ஃபைல், டீகோடர், விண்டோஸ், சவுண்ட் சிப், வயர், ஸ்பீக்கர்.

முதல் சோதனை: ஒரு எம்.பி.3 பாட்டைப் போடுங்கள்.

பாட்டும் கேட்கவில்லையா? பழுது பெரும்பாலும் பின்பாதியில்.
1. ஸ்பீக்கர் படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் மியூட்டை எடுங்கள்.
2. ஸ்பீக்கருக்குக் கரன்ட் வருகிறதா, பின் பச்சை நிறத் துளையில் இருக்கிறதா என்று பாருங்கள்.
3. மானிட்டரை எச்.டி.எம்.ஐ. கேபிளில் மாட்டியிருந்தால், விண்டோஸ் ஒலியை மானிட்டருக்கே அனுப்பிவிடலாம். அதில் ஸ்பீக்கரே இல்லாமல் இருக்கலாம்! சவுண்ட் செட்டிங்கில் அவுட்புட்டை மாற்றுங்கள்.

பாட்டு கேட்கிறதா? அப்போ ஸ்பீக்கரும் வயரும் டிரைவரும் நல்லாத்தான் இருக்கு. பிளேயரின் சொந்த வால்யூமைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் சந்தேகம் ஃபைல் மேலும் டீகோடர் மேலும்தான். என் கதை இதுதான்.

வீடியோ ஃபைல் ஒரு டிபன் கேரியர் மாதிரி. படம் ஒரு அடுக்கு, ஒலி ஒரு அடுக்கு. வெளியே எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.கே.வி. என்று என்ன பெயர் இருந்தாலும், உள்ளே ஒலி எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பதே முக்கியம். டி.வி.டி.களில் பெரும்பாலும் ஏ.சி.3 என்ற டால்பி முறை. என் பிளேயரில் படத்துக்கு டீகோடர் இருந்தது, ஏ.சி.3-க்கு இல்லை. அதனால்தான் ஊமைப் படம்.

வி.எல்.சி. பிளேயரில் திறந்து கன்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்தினால், உள்ளே இருக்கும் அடுக்குகள் தெரியும். ஆடியோ என்று ஒன்றுமே இல்லை என்றால் காப்பி எடுத்ததில் தப்பு. அசல் டிஸ்க்கைத் தேடுங்கள். அதனால் அசலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஏ.சி.3 என்று காட்டியது, சத்தமும் வந்துவிட்டது. வி.எல்.சி. தன் டீகோடர்களைத் தன்னோடே கொண்டுவருகிறது.

இந்த வி.எல்.சி.யும் 1996-ல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய புராஜெக்ட்தான். 2001 முதல் உலகம் முழுவதும் இலவசம். நம் புராஜெக்ட்டையும் மார்க்குக்காக மட்டும் செய்யாமல் இருப்போமே!

தாத்தா பேசியது இரண்டே நிமிடம். "இன்னொரு தரம் போடுடா" என்றார் அப்பத்தா. போட்டேன்.