திருப்பி அனுப்பத் தெரிய வேண்டும்

அன்புள்ள கயல்விழிக்கு,

உங்கள் பல்கலைக்கழகத்து மாணவர் அறிவியல் ஆய்விதழுக்கு உன்னை ஆசிரியராகப் போட்டிருக்கிறார்கள் என்று அக்கா போனில் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். நீ அனுப்பிய திட்டத்தையும் படித்தேன். அட்டை, லோகோ, துணைவேந்தர் வாழ்த்துரை, வெளியீட்டு விழா எல்லாம் அதில் இருக்கின்றன. கட்டுரை வந்து சேர்ந்த பிறகு அதை என்ன செய்யப் போகிறீர்கள் என்பது மட்டும் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கல்லூரி ஆண்டு மலருக்கு வந்ததைப் போட்டால் போதும். ஆய்விதழுக்கு வந்த கட்டுரை, கேள்விகளோடு எழுதியவரிடம் திரும்பிப் போய், திருந்தி வர வேண்டும். அந்தப் போக்குவரத்து இல்லாவிட்டால், எவ்வளவு வழவழப்பான தாளில் அச்சிட்டாலும் அது மலர்தான்.

ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை, பெர்னோலி எண்களைப் பற்றியது, 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. அப்போது அவரிடம் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. இதழாசிரியர் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் நாராயண ஐயங்கார். வழிமுறை புதிது, சொன்ன விதமோ ஒரேயடியாகச் சுருக்கம், சாதாரண வாசகரால் பின்தொடர முடியாது. ‘புரியவில்லை’ என்று ஓரங்கட்டியிருக்கலாம். ‘பையன் கெட்டிக்காரன்’ என்று அப்படியே போட்டுமிருக்கலாம். ஐயங்கார் இரண்டையும் செய்யவில்லை. கையெழுத்துப் பிரதி திரும்பத் திரும்பப் போய் வந்து, படிக்கத்தக்க வடிவத்துக்கு வந்த பிறகே அச்சேறியது. அதே இதழில் வாசகர்களுக்குக் கணக்குப் போடும் பகுதி ஒன்று இருந்தது. ராமானுஜன் அங்கே விடுத்த, வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக அடுக்கிய கணக்குக்கு யாரும் விடை அனுப்பாததால் அவரே கொடுத்தார். உங்கள் இதழிலும் அப்படி ஒரு பக்கம் வை. கட்டுரை எழுதத் தயங்குகிறவர்கள் அந்த வழியாக உள்ளே வருவார்கள்.

பேராசிரியர் கையெழுத்திட்ட கட்டுரைக்கு மதிப்பாய்வு எதற்கு என்று யாராவது கேட்பார்கள். 1936இல் ஐன்ஸ்டைனும் ரோஸனும் ஈர்ப்பலைகள் கிடையாது என்ற முடிவோடு ஒரு கட்டுரையை ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’வுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் ஜான் டேட் அதை மதிப்பாய்வுக்கு அனுப்பினார். நீண்ட குறிப்புகளோடு அது திரும்பிற்று. ஐன்ஸ்டைனுக்குக் கோபம். அச்சாகும் முன் வேறொருவரிடம் காட்ட நான் அனுமதி தரவில்லையே என்று எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மறு ஆண்டு அது வேறு இதழில் வந்தபோது முடிவு மாறியிருந்தது. பிழையைப் பிடித்த மதிப்பாய்வாளர் ராபர்ட்சன். கேட்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல். அதற்கு மேல் வாதாட வேண்டியதில்லை.

உங்களுக்கு வரப்போகிற கட்டுரைகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாதி எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்தான். துளசி இலையை மெத்தனாலில் ஊறவைத்து, அந்தச் சாறு பாக்டீரியாவைத் தடுக்கிறது என்று ஒருவர் எழுதுவார். பெட்ரி தட்டின் படம் பளிச்சென்று இருக்கும். நீ கேட்க வேண்டியது இவ்வளவுதான்: வெறும் மெத்தனாலில் நனைத்த காகித வட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்தீர்களா? தெரிந்த ஆன்டிபயாட்டிக் ஒன்றோடு ஒப்பிட்டீர்களா? எத்தனை தட்டில் செய்தீர்கள், அளவுகளுக்குள் எவ்வளவு ஏற்ற இறக்கம்? மெத்தனாலே பாக்டீரியாவைக் கொன்றிருந்தால் துளசிக்குப் பெருமை ஏது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடி அந்தப் பிள்ளை மறுபடி லேபுக்குப் போனால், கட்டுரை வெளிவராவிட்டாலும் உன் இதழ் வேலை செய்துவிட்டது. துளசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தாலும் ஒழுங்காகச் செய்திருந்தால் போடு. பெரிய இதழ்கள் அதற்கு அவ்வளவாக இடம் தருவதில்லை, நீ தரலாம்.

ஒவ்வொரு கட்டுரையையும் இருவர் படிக்கட்டும். ஒருவர் அதே துறையின் ஆய்வு மாணவர். இன்னொருவர் வேறு துறை மாணவர். முதலாமவர் தவறைப் பிடிப்பார், இரண்டாமவர் புரியாததைக் காட்டுவார். எழுதியவர் பெயரை நீக்கிவிட்டுக் கொடு. மூன்று வாரத் தவணை வை. தாண்டினால் வாட்ஸ்அப்பில் கெஞ்சாதே, வேறு ஆளிடம் கொடு.

காப்பியடிப்பதைப் பற்றி. யூஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிகள் 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை வைக்கவில்லை. அதனால் எல்லாரும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். ஒற்றுமை பார்க்கும் சாப்ட்வேர் சொற்களைத்தான் எண்ணும். செய்முறைப் பகுதியில் வழக்கமான வாக்கியங்கள் ஒத்துப்போவது குற்றமில்லை. அடுத்தவருடைய வரைபடத்தைப் பெயர் சொல்லாமல் எடுத்தால், சாப்ட்வேர் தரும் அறிக்கையில் மூன்று சதவீதம் என்று வந்தாலும் அது திருட்டு. அறிக்கையை நீ உட்கார்ந்து படிக்க வேண்டும்.

ஐஎஸ்எஸ்என் எண்ணை நினைத்து ரொம்பப் பரபரக்காதே. அது எட்டு இலக்க அடையாள எண், தரச்சான்று இல்லை. இந்தியாவில் கட்டணமில்லாமலே தருகிறார்கள். அந்த எண்ணைக் காட்டியே பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் ஏராளம். எழுதுகிறவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை என்று முதல் பக்கத்திலேயே போட்டுவிடு. பணத்துக்குத் துறையைக் கேள். கிடைக்காவிட்டால் பிடிஎஃப் போதும். கட்டுரைகளை வாங்கவும் மதிப்பாய்வுக்கு அனுப்பவும் வெளியிடவும் ‘ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

நம் மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகர், ‘அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னலை’ 1952 முதல் 1971 வரை நடத்தினார். அவருக்கு 19 ஆண்டு கிடைத்தது. உனக்கு நாலு செமஸ்டர். அதிலும் கடைசி ஒன்றை ப்ராஜெக்ட் விழுங்கிவிடும். மாணவர் இதழ்கள் பெரும்பாலும் தொடங்கியவர்களோடு முடிந்துபோவது இதனால்தான். வருகிற ஜூலையிலேயே ஒரு ஜூனியரைத் துணையாசிரியராக எடுத்துக்கொள். எந்தக் கட்டுரை யாரிடம் போனது, என்ன பதில் எழுதினோம் என்பதெல்லாம் உன் சொந்த மெயிலில் இல்லாமல் இதழின் பெயரிலுள்ள கணக்கில் இருக்கட்டும். வருஷத்துக்கு ஓர் இதழ் போதும். சொன்ன மாதத்தில் வரட்டும்.

கட்டுரையை மறுக்கும்போது ‘பிரசுரத்துக்கு ஏற்றதல்ல’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதே. எது நன்றாக இருக்கிறது, எது போதவில்லை, அடுத்து என்ன செய்யலாம் என்று அரைப் பக்கமாவது எழுது. அப்படி எழுதப் பழகினால் உன் சொந்தக் கட்டுரையும் தேறும்.

வெளியீட்டு விழாவுக்கு வர முடியுமா தெரியவில்லை. நீ எழுதும் முதல் மறுப்புக் கடிதத்தை மட்டும், பெயரை மறைத்து, அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டு. சிவப்புப் பேனா இன்னும் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
மாமா