கூழாங்கல் பளபளக்க…

கல் உருட்டும் இயந்திரம் புதிதாக வாங்கியிருக்கிறீர்களா? அகேட், ஜாஸ்பர் மாதிரி ஒரே கடினமுள்ள கற்களோடு தொடங்குங்கள். உருளையில் முக்கால் பங்கு வரை கல், பெரிதும் சிறிதுமாக.

முதலில் போடும் சொரசொரப்பான சிலிக்கான் கார்பைடு தூளில்தான் அவசரமே கூடாது. ஒரு வாரம் ஓடியும் குழியோ விரிசலோ நகத்தில் தட்டுப்பட்டால், அந்தக் கல்லுக்கு மறுபடி அதே தூள்தான். மெருகுத்தூள் பள்ளத்தை நிரப்பாது. நைஸான தூளுக்கு மாறும்போதெல்லாம் கல், உருளை, மூடி எல்லாவற்றையும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். மூடி விளிம்பில் ஒட்டிய நாலு துகள் போதும், கடைசி அலுமினியம் ஆக்சைடு மெருகைக் கெடுக்க. ஈரத்தில் எந்தக் கல்லும் மின்னும், காயவைத்துப் பாருங்கள். கழுவிய சேற்றைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாயில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.