கானா குழுவுக்கு வீட்டிலேயே ரெக்கார்டிங்: கடைக்குப் போகும் முன் படியுங்கள்

அத்திப்பட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் தம்பியின் கானா குழு பாடிப் பழகுகிறது. பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டி ரயில் பாதை. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ராத்திரியிலும் ஓய்வதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் குறைந்த செலவில் நல்ல பதிவு எடுக்க, காசைக் கொட்டிக் கற்றுக்கொண்டவற்றை எழுதுகிறேன்.

1. எதையும் வாங்கும் முன், பதிவு செய்யப்போகும் அறையில் செல்போனை வைத்து இரண்டு நிமிடம் சும்மா ரெக்கார்டு செய்யுங்கள். இயர்போனில் கேளுங்கள். மின்விசிறி, ரயில், லாரி என்று என்னவெல்லாம் கேட்கிறதோ, அத்தனையும் உங்கள் பாட்டிலும் வரும்.

2. முதல் மைக் டைனமிக் மைக்காகவே இருக்கட்டும். நாங்கள் கடைக்காரர் பேச்சைக் கேட்டு கன்டென்சர் மைக் வாங்கினோம். தம்பி பாடியதில் குறையே இல்லை. ஆனால் பல்லவி நடுவில் பக்கத்து வீட்டு குக்கர் விசில், சரணத்தில் கூட்ஸ் ரயில்! கன்டென்சர் மைக் நுட்பமானது. தூரத்துச் சத்தத்தையும் பிடித்துவிடும், வேலை செய்ய 48 வோல்ட் மின்சாரமும் வேண்டும். டைனமிக் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாடினால் தூரத்துச் சத்தம் அமுங்கிவிடும். ஷூர் கம்பெனியின் எஸ்எம்57 1965லும், எஸ்எம்58 1966லும் வந்தவை. இன்றும் விற்பனையில் இருக்கின்றன. இவற்றில் போலிகள் அதிகம். பில், வாரண்டி இல்லாமல் வாங்காதீர்கள். அசல் எஸ்எம்58 கிட்டத்தட்ட 300 கிராம் இருக்கும். மளிகைக்கடைத் தராசில் வைத்தே பார்த்துவிடலாம்.

3. எஸ்எம்57, எஸ்எம்58 போன்ற மைக்குக்கு முன்பக்கம்தான் காது. பின்பக்கம் ஏறக்குறைய செவிடு. அதனால் மைக்கின் வால் ஜன்னலைப் பார்க்கட்டும். பாடுகிறவரும் ஜன்னலைப் பார்த்தே நிற்கட்டும். அவர் முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், அல்லது கனமான போர்வையை இரண்டாக மடித்துக் கொடியில் தொங்கவிடுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி நன்றாகவே குறையும். முட்டை அட்டையை ஒட்டினால் வெளிச்சத்தம் நிற்கும் என்பது வீண் நம்பிக்கை. எளிதில் தீப்பிடிக்கும் பொருள் வேறு.

4. அதிக யோசனை தேவைப்படுவது இன்டர்ஃபேஸுக்கு. மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் பெட்டி இது. டோலக்கின் இரண்டு பக்கத்துக்கு இரண்டு மைக், சட்டி என்ற தாள வாத்தியத்துக்கு ஒன்று, பாடகருக்கு ஒன்று. எல்லாரும் ஒன்றாக வாசித்தால்தான் உயிர் இருக்கும் என்றால், நான்கு மைக் இணைக்கும் பெட்டியே வாங்குங்கள். இப்போதைக்கு இரண்டு, பிறகு இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு பெட்டிகளை ஒரே கம்ப்யூட்டரில் ஒத்துப்போக வைப்பது பெரும்பாடு. பணம் கொஞ்சம்தான் என்றால் இரண்டு மைக் பெட்டி போதும். தாளத்தை முதலில் பதிந்து, ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே பாட்டைப் பதியலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ அண்ணா சாலை இசைக்கருவிக் கடைகளிலோ யுஎஸ்பி மிக்ஸர் காட்டினால், “அண்ணா, எத்தனை ட்ராக் தனித்தனியா கம்ப்யூட்டருக்குப் போகும்?” என்று கேளுங்கள். எட்டு மைக் குத்த இடமிருந்தும் இரண்டே ட்ராக்காகக் கலந்து அனுப்பும் மிக்ஸர்கள் நிறைய. கலந்தபின் டோலக்கை மட்டும் குறைக்க முடியாது.

5. கீபோர்டுக்கு மைக் வேண்டாம். ஒயர் போட்டு நேராக இன்டர்ஃபேஸில் குத்துங்கள். அந்த ட்ராக்கில் ரயில் நுழையவே முடியாது.

6. டோலக்கின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சாண் தள்ளி, சற்றுச் சாய்வாக மைக் வையுங்கள். கானாவையும் பறையையும் ராக் கிட்டாரையும் ஒரே மேடையில் சேர்த்த ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. உங்கள் குழுவிலும் பறை இருந்தால் மைக்கை இரண்டு மூன்று அடி தள்ளி வைத்து, இன்டர்ஃபேஸில் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் கெய்ன் குமிழைக் குறையுங்கள். பலமாக அடிக்கும்போதும் சிவப்பு விளக்கு எரியக் கூடாது. ஒருமுறை உடைந்து பதிந்த ஒலியைப் பிறகு சரிசெய்ய முடியாது. தோல் ஆற ஆறப் பறையின் ஒலி இறங்கும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் மறுபடி காய்ச்சிவிடுங்கள்.

7. ஹெட்போன் காதை முழுதாக மூடுவதாக இருக்கட்டும். இல்லையென்றால் அதில் கசியும் தாளம் பாடுபவரின் மைக்கில் ஏறும்.

8. ‘ப’ சொல்லும்போது மைக்கில் காற்று மோதுகிறதா? எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்து மாட்டி, மைக்குக்கு நான்கு விரல் முன்னால் நிறுத்துங்கள். கடையில் பாப் ஃபில்டர் வாங்கும் காசு மிச்சம்.

9. ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். இரைச்சலை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யாரும் வெட்டாதீர்கள். உயிருக்கு ஆபத்து.

10. நம் பக்கத்து உப்புக்காற்று மைக்கையும் ஒயர் முனைகளையும் அரித்துவிடும். வேலை முடிந்ததும் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் உள்ளே போடுங்கள்.

11. சாஃப்ட்வேருக்கு இப்போது செலவு வேண்டாம். ஆடாசிட்டி இலவசம். ரீப்பரை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு ட்ராக்கின் ஒரு நிமிடம் கிட்டத்தட்ட 8.6 எம்பி. நான்கு ட்ராக், ஐந்து நிமிடப் பாட்டு என்றால் ஏறக்குறைய 170 எம்பி. அன்றன்றே பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து, அதை வேறொரு வீட்டில் வையுங்கள்.

12. எல்லாம் தயாரானதும் உங்கள் பாட்டைப் பதிவதற்கு முன், தெருவில் இருக்கும் மூத்த கானா பாடகர் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். சாவு வீடுகளில் விடிய விடியப் பாடியவர்களின் பாட்டுகள் பல எங்குமே பதிவாகவில்லை. அவர் பெயரையும் ஊரையும் தேதியையும் அவரையே முதலில் சொல்லச் சொல்லி, பிறகு பாடவிடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.