கைம்மாறும் ஐப்பசி அன்னமும்

கார்ப்பருவங் கழிந்து கூதிர் தொடங்கும் ஐப்பசித் திங்களின் நிறைமதி நாளில், சிவாலயங்களில் இலிங்கத் திருமேனி வெண்சோற்றால் மூடப்பெறுதலைச் சைவ நன்மக்கள் அறிவர். காவிரி நாட்டிற் குறுவை நெல் களமேறிப் புத்தரிசி மனைபுகும் காலமும், சம்பா நாற்று வயலில் வேரூன்றும் காலமும் இதுவே. விளைவு பெற்றார் விளைவித்தானுக்கு நன்றி செலுத்துகின்றனர் என இவ்வழிபாட்டிற்குப் பொருள் கூறுதல் எளிது. அங்ஙனங் கூறிய அளவிலே ஒரு தடை எழுகின்றது.

நன்றி செலுத்தலாவது பெற்ற உதவிக்கு எதிருதவி செய்தல் என்பர் உலகர். எதிருதவி கொள்வானுக்கு ஒரு குறை வேண்டும். இறைவனோ குறைவிலா நிறைவினன், பசியிலான். உயிர்தானும் தனக்கென ஒன்றுடையதன்று. தனு கரண புவன போகங்கள் நான்கும் அவன் கூட்டுவித்தனவே. அவன் பொருளை அவனுக்கே அளித்தல் கைம்மாறாதல் எங்ஙனம்? ஒப்புரவறிதல் அதிகாரத்தின் முதற்கண் மழையை எடுத்துக்காட்டி, கைம்மாறு கருதாமையை வள்ளுவனார் நிறுவினார். மழைக்கே செய்யத்தகும் கைம்மாறு இல்லையாயின், மழையைப் பெய்விப்பானுக்கு உண்டென்றல் யாண்டையது?

இத்தடைக்கு விடை சிவஞானபோதத்தின் இறுதி இரண்டு சூத்திரங்களில் உளது. உயிர் கண்ணுக்குப் பொருளைக் காட்டித் தானும் காணுதல்போல, இறைவன் உயிர்க்குக் காட்டி உடன் காண்கின்றான் என்று அவ்வுபகாரத்தை உணர்த்திய பதினோராஞ் சூத்திரம், அதனை உணர்ந்த உயிர் மறத்தலில்லாத அன்பினால் அவன் திருவடி சேரும் என்கின்றது. உதவியை அறிதல் ஆண்டு அன்பாய் விளைகின்றதேயன்றி, எதிருதவி என்னும் பேச்சே இல்லை. அவ்வன்பு செல்லும் இடம் யாதெனின், அடுத்த சூத்திரம் அதனைக் கூறும். மலங்களைந்து அன்பரொடு கூடுக என்றும், அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் இறைவனெனவே கொண்டு வழிபடுக என்றும் அது விதித்தது. இரண்டனையும் ஒருங்கெண்ணியதோடு அமையாது, வேடத்தை முன்னும் ஆலயத்தைப் பின்னும் வைத்த முறை நோக்கத்தக்கது. அற்றேல், சீவன்முத்தர் ஒழுக்கத்தைச் சோறிடுதற்கு எடுத்தாளுதல் தகுமோ எனின், முத்தரே கைவிடலாகாத ஒழுக்கம் ஏனையோர்க்கு வேண்டாவென்றல் பொருந்தாது என்க.

இனி, அன்னாபிடேகத்தின் நடைமுறையை நோக்குவாம். பாணத்தின்மேற் சாத்திய அன்னத்தை நீர்நிலையிற் கரைத்தலும், ஆவுடையாரிலும் பீடத்திலும் சாத்தியதை வந்தார்க்கு வழங்குதலும் ஆலயங்கள் பலவற்றின் வழக்கம். நீரில் இட்டது மீன் முதலியவற்றிற்கு உணவாம். இறைவன்பால் ஒரு பருக்கையும் எஞ்சுவதில்லை.

இக்கருத்தைச் செயலில் முற்றக் காட்டினவர் இளையான்குடி மாறனார். செல்வமெல்லாம் சுருங்கிய நிலையில், மாரிக்கால இரவில், உணவின்றிக் கதவடைத்திருந்த அவர் மனைக்கு ஒரு தவசியார் நனைந்து வந்தார். அன்று பகலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொணர்ந்தால் அமுதாக்கலாம் என்று வழிகாட்டியவர் அவர்தம் மனைவியாரே. இதனைப் பிரசங்கிப்போர் பலர் கூறாது விடுகின்றனர். இருளிற் காலால் வழியைத் தடவிச் சென்று நெல்லை வாரினார் நாயனார். மனையின் கூரையை அறுத்து விறகாக்கினார். குழிக்கீரையைப் பறித்துத் தந்தார். பெற்ற விளைவில் ஒரு கூறு கொடுத்தலையே நாம் நன்றியென்று எண்ணியிருக்க, இவர் இன்னும் பெறாத விளைவையே எடுத்துக் கொடுத்தார்.

இந்நாளில் அன்னாபிடேக அறிவிப்புக்கள் சிலவற்றில் அரிசி மூட்டைகளின் தொகையே பெரிய எழுத்தில் அச்சாகின்றது. அம்மூட்டைகளை எண்ணுவார், சோறு பெறுதற்கு அடைமழையில் நிற்பார்க்கு ஒரு பந்தல் இடுதலை மறவாதிருப்பின் நலமாம்.

இதனினும் பெரிதாய ஒன்று உண்டு, சொல்லாது விடுதற்கில்லை. திருநாளைப்போவார் சிவாலயப் பேரிகைகளுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர். தாம் புறத்தே நின்றவர். மதுரைத் திருக்கோயிலில் 1939 ஜூலை 8-ஆம் நாள் தாழ்த்தப்பட்டோர் புகுந்து வழிபட்டனர். அவ்வாண்டிலும் பின்னர் 1947-லும் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் தோன்றின. அதற்குமுன் எத்துணையோ ஐப்பசிகளில், சேற்றில் நின்று நாற்று நட்டவர் வாயிற்புறத்தே நின்றனர். அவர் நட்ட நெல் உள்ளே சென்று திருமேனியைத் தீண்டிற்று. நெல்லுக்கு வாய்த்த அணுக்கம் நட்டவர்க்கு வாய்த்திலது. சட்டம் வாயிலைத் திறந்தது. பந்தியைத் திறத்தல் சட்டத்தாலன்றி நம்மாலே ஆகற்பாலது. மாகேசுர பூசையில் உடனமர்தற்குரியார் யாவர் என்னும் வினா எழும் மடங்களில், பன்னிரண்டாஞ் சூத்திரத்தை மீண்டும் ஒருமுறை ஓதுவாராக. அது வேடத்தைக் கூறிற்று, குலத்தைக் கூறிற்றிலது.

இவ்வைப்பசி முழுதும் மாயூரத்திற் காவிரித்துறையில் துலாமுழுக்கு நிகழும். திங்களின் இறுதிநாள் கடைமுகம். அதற்குள் வந்தெய்த மாட்டாத முடவன் ஒருவன் மறுநாள் வந்து வருந்தினானாக, அவனுக்கும் அப்பயனே அருளப்பட்டது என்பது தலவரலாறு. கார்த்திகை முதல்நாள் முடவன்முழுக்கு எனப் பெயர்பெற்றது அதனால். அந்நாளில் இன்றும் அத்துறையில் மக்கள் இறங்கி முழுகுகின்றனர். ஐப்பசியில் முழுகியவர்களும் அவர்களுள் உளர். ஒருவன்பொருட்டு நீட்டிய நாளைத் தம் நாளாகவும் கொண்டு, அவர்கள் இரண்டாமுறையும் அந்நீரில் இறங்குகின்றனர்.