கடைசியாக எப்போது குடித்தார்?

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

எலும்பு முறிவு வார்டுகளில் இது புதிதல்ல. பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவர் ஆபரேஷன் முடிந்து நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் இரவு கை நடுங்கும், உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார். டூட்டி டாக்டர் வந்து கேஸ் ஷீட்டைப் புரட்டினால், சேர்க்கும்போது எழுதியது இருக்கும்: குடிப்பழக்கம் இல்லை.

மனுஷன் பொய் சொல்லிவிட்டான் என்று கோபப்படுமுன், அவரிடம் எப்படிக் கேட்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் மனைவி எக்ஸ்ரே உறையோடு நிற்கிறார். அடுத்த கட்டிலில் ஊர்க்காரர். நாலு பேர் காதில் விழ "குடிப்பீங்களா?" என்றால், "அதெல்லாம் இல்லீங்க சார்" என்றுதான் வரும். விபத்து கேஸ் என்றால் போலீஸ் பயம் வேறு. இன்ஷூரன்ஸ் பயமும் வெறும் பிரமை அல்ல. குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையையும் அதன் விளைவுகளையும் விலக்கும் விதி இந்திய மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் வழக்கமாக இருப்பதுதான்.

ஆகவே முதலில் உறவினரை மருந்துச் சீட்டோடு அனுப்பிவிடுங்கள். குரலைத் தாழ்த்தி, காரணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்: "மயக்க மருந்து கொடுக்கணும், அதுக்காகக் கேக்கறேன். கடைசியா எப்போ குடிச்சீங்க?"

அந்த நேரம்தான் உங்களுக்கு வேண்டியது. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். பூச்சி தெரிவதும் நினைவு தடுமாறுவதுமான டெலிரியம் ட்ரெமன்ஸ் பொதுவாக 48 முதல் 96 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். கவனிக்காவிட்டால் உயிரே போகும். நேரம் தெரிந்தால் முதல் நாளே மருந்தைத் தொடங்கிவிடலாம். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் போடவும் தோன்றும். கார்ல் வெர்னிக்கே 1881-இல் விவரித்த மூளைப் பாதிப்பு, அந்த வைட்டமின் குறைவால் வருவது.

அடுத்து, அளவு. "கொஞ்சம்தான் சார்" என்பதைக் கேஸ் ஷீட்டில் ஏற்றாதீர்கள். கட்டிங்கா, குவார்ட்டரா, ஆஃபா என்று கடைக் கணக்கிலேயே கேளுங்கள். 42.8 சதவீதம் ஆல்கஹால் உள்ள 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் பட்டியலான ஆடிட், 10 கிராமை ஓர் அளவாகக் கொள்கிறது. "தினம் ஒரு குவார்ட்டர்தான்" என்பவர் ஆறு அளவு குடிக்கிறார். பத்துக் கேள்விக்கு நேரமில்லையா? அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் யூயிங் 1984-இல் வெளியிட்ட நாலு கேள்விகள் போதும். காலையில் எழுந்ததும் நடுக்கம் அடங்கக் குடிக்க வேண்டியிருக்கிறதா என்பது அதில் கடைசி. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பெண்களிடம் இந்தக் கேள்வியே போவதில்லை. எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வில் குடிக்கும் பெண்கள் 1.6 சதவீதம். விகிதம் சிறியது, ஆட்களாக எண்ணினால் பல லட்சம். தூக்க மாத்திரை, வலி மாத்திரை, ஊசி பற்றியும் இதே தொனியில் எல்லோரிடமும் கேட்க வேண்டும்.

"எழுதிடாதீங்க சார்" என்று கெஞ்சுவார்கள். எழுதாமல் விடுகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த ஷிஃப்ட் டாக்டர் அந்தத் தாளை நம்பித்தான் மருந்து கொடுப்பார். ஆனால் "குடிகாரர்" என்று எழுதவும் வேண்டாம். "தினம் 180 மில்லி பிராந்தி, கடைசியாகச் சனி இரவு 9 மணி" என்பது போதும். விபத்துக்குக் குடிதான் காரணம் என்று ஊகித்து எழுத உங்களுக்கு வேலையில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைகளையும் மனநோயின் வரையறையில் சேர்த்து, நோயாளிக்கு ரகசியக் காப்பு உரிமை தருகிறது. வராந்தாவில் சக மருத்துவர்களோடு சிரித்துப் பேசும் விஷயம் அல்ல இது.

உண்மையைச் சொன்னவருக்குப் பதிலாக என்ன தருகிறோம்? பெரும்பாலும் திட்டு. அடுத்த தடவை அவர் வாயே திறக்க மாட்டார். சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிநோயால் கணவரை இழந்த பிறகு, 1980-இல் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டிடிகே மருத்துவமனை என்று பெயர்பெற்ற அந்த இடத்தில் குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுவது சிகிச்சையின் பகுதி. உங்கள் வார்டில் அவ்வளவு முடியாது. டிஸ்சார்ஜ் சீட்டு எழுதுமுன் மனநலப் பிரிவுக்கு ஒரு ரெஃபரல் எழுதி, எந்த நாள், எந்த அறை என்று சொல்லி, 14446 என்ற தேசிய உதவி எண்ணையும் அவர் கையில் குறித்துக் கொடுக்க முடியும்.

அன்புடன்,
ஒரு மூத்த மருத்துவர்