சர்க்கரையை விட்டும் சுகர் இறங்கவில்லையே?

கேள்வி: என் கணவருக்கு வயது 47. மளிகைக் கடை வைத்திருக்கிறார். காலை ஏழு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு ஒன்பதரைக்குத்தான் எழுந்திருப்பார். எடை 78 கிலோ. இரண்டு மாதத்துக்கு முன் காலில் பட்ட சிறு காயம் ஆறவில்லை என்று டாக்டரிடம் போனோம். வெறும் வயிற்றில் 168, சாப்பிட்ட பிறகு 264, மூன்று மாதச் சராசரி 8.2 என்று வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையைக் காலையும் இரவும் எழுதிக் கொடுத்து, "சாப்பாட்டைக் குறைங்க, நடங்க" என்றார்.

அன்று முதல் வீட்டில் சர்க்கரை கிடையாது, டீக்குக் கருப்பட்டிதான். இரவு நாலு தோசைக்குப் பதில் நாலு சப்பாத்தி. பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, விடிந்ததும் பாகற்காய் ஜூஸ். மாமியார் கம்பங்கூழ் கரைத்துத் தருகிறார். இவ்வளவு செய்தும் போன வாரம் வெறும் வயிற்றில் 149, சாப்பிட்ட பின் 231. "இதுக்கு நான் தோசையே தின்னுருக்கலாம்" என்று கத்துகிறார். ராத்திரி பதினோரு மணிக்குப் பசிக்கிறது என்று மிக்சர் டப்பாவைத் திறக்கிறார். அவருக்குத் தனி, பிள்ளைகளுக்குத் தனி என்று சமைத்து எனக்கும் அலுத்துவிட்டது. எதைத்தான் கொடுப்பது? மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

— வாசகி, கோவில்பட்டி

பதில்: உங்கள் கணவர் கத்துவதில் நியாயம் இருக்கிறது. நாலு தோசைக்கும் நாலு சப்பாத்திக்கும் சுகரைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா வைத்திருந்தால் சப்பாத்தி இன்னும் மோசம்.

மளிகைக் கடைக்காரர் ஆயிற்றே, கணக்காகவே சொல்கிறேன். அவருடைய பழைய நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் ஐந்து இட்லி, மத்தியானம் குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தடவை சோறு, இரவு நாலு தோசை, நடுவில் நாலு டீ. ஐந்து இட்லியில் ஏறக்குறைய 60 கிராம் மாவுச்சத்து. ஒரு தடவைக்கு ஒரு கப் என்று வைத்தாலும் சோற்றில் 130. தோசையில் 75. டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சர்க்கரை 35 கிராம் வரும். ஆக மொத்தம் 300. நீங்கள் கைவைத்தது அந்தக் கடைசி 35-இல் மட்டும். அதையும் கருப்பட்டியாக மாற்றித் திரும்பக் கொடுத்துவிட்டீர்கள். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாம் ரத்தத்தில் கலக்கும்போது சர்க்கரைதான். நிறம் குடலுக்குத் தெரியாது.

மீதி 265 கிராம் அப்படியே இருக்கிறது. சுகர் இறங்காததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. வெறும் வயிற்றுச் சுகர் 168-இலிருந்து 149 ஆனது பெரும்பாலும் மாத்திரையின் வேலை.

கம்பங்கூழ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மாமியார் மனம் நோகக் கூடாது. கரிசல் காட்டில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் தின்று வளர்ந்தவர்கள் திடமாக இருந்தார்கள் என்பது உண்மை. அவர்கள் ஏர் பின்னால் நடந்தார்கள், கிணற்றில் கமலை இறைத்தார்கள். உங்கள் கணவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். தீட்டிய அரிசி 100 கிராமில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் கம்பிலும் கேழ்வரகிலும் 62 முதல் 67 வரை இருக்கிறது. நார்ச்சத்து அரிசியில் மூன்று கிராமுக்கும் குறைவு, கம்பில் பதினொன்றுக்கு மேல். ஆகவே கம்பு நல்லதுதான். ஆனால் நைஸாக அரைத்து, கூழாகக் கரைத்து, பெரிய சொம்பில் குடித்தால் மெல்லும் வேலைகூட இல்லாமல் மடமடவென்று ரத்தத்தில் ஏறும். கொஞ்சம் கொரகொரப்பாக உடைத்து, சோறாக வேகவைத்து, அளவாகக் கொடுக்கச் சொல்லுங்கள். வெள்ளை வெளேர் என்று தீட்டி பாக்கெட்டில் வரும் சிறுதானியத்துக்கும் அரிசிக்கும் அதிக தூரம் இல்லை. உங்கள் கடையிலேயே விற்பீர்கள், பார்த்தால் தெரியும்.

சரி, என்ன செய்வது? அரிசியை விட்டு ஓட வேண்டாம். அளவையும் சாப்பிடும் வரிசையையும் மாற்றுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டில் ஆரம்பிக்கலாம். முதலில் தட்டில் பாதிக்குக் காய் வையுங்கள். அவரைக்காய், புடலங்காய், கத்தரிக்காய், கீரை எதுவாகவும் இருக்கலாம். உருளையும் சேனையும் மரவள்ளியும் சோற்றோடு சேர்த்தி, காய்க் கணக்கில் வராது. கால் பங்குக்குப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஒன்று. தூத்துக்குடி மீன் அன்றன்றைக்கு வந்துவிடும் ஊர் உங்களுடையது. பொரிக்காமல் குழம்பு வையுங்கள். இவற்றைப் பாதியாவது சாப்பிட்ட பிறகே சோறு. 200 மில்லி டம்ளரில் ஒன்று, தலை தட்டி. காயும் புரதமும் முன்னால் போனால், பின்னால் வரும் சோறு செரித்துச் சர்க்கரையாக ஏறும் வேகம் குறைகிறது. அந்த ஒரு டம்ளர் சோற்றைக் குழம்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். ரசத்தையும் மோரையும் குடித்துவிடலாம். மூன்று தடவை சாப்பிட்ட திருப்தி கிடைக்கும், சோறு ஒரு தடவைதான்.

இரவு பதினோரு மணிப் பசிக்கு வருகிறேன். நாலு சப்பாத்தி தின்றவருக்கு ஏன் பசிக்கிறது? அந்தத் தட்டில் புரதம் மிகக் குறைவு. நம் வீட்டுச் சமையலில் பொதுவாக உள்ள குறை அது. இந்தியா முழுக்க 18,090 பேரின் உணவை அலசி 2022-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'ஐசிஎம்ஆர்-இந்தியாப்' (ICMR-INDIAB) ஆய்வுக் கட்டுரை, புதிதாக நீரிழிவு கண்டவர்களுக்கு மொத்தக் கலோரியில் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், புரதம் 19, 20 சதவீதத்துக்கு ஏற வேண்டும் என்று கணக்கிட்டது. சோற்றை மட்டும் குறைத்து எதையும் கூட்டாவிட்டால் மிக்சர் டப்பாதான் திறக்கும். இரவுக்கு நாலு பருப்பு போட்ட அடை இரண்டு, அல்லது இரண்டு இட்லியோடு கிண்ணம் நிறையக் காய் சாம்பாரும் ஒரு முட்டையும் கொடுத்துப் பாருங்கள். இன்னொன்று, பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு அப்படியே படுப்பதை நிறுத்த வேண்டும். ஏழரை மணிக்கு டிபன் கேரியரைக் கடைக்கு அனுப்புங்கள். சாப்பிட்டதும் பையனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுத் தெருமுனை வரை பதினைந்து நிமிடம் நடந்து வரட்டும்.

அந்தப் பதினைந்து நிமிடத்தை லேசாக நினைக்காதீர்கள். நடக்கும் கால் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாததுதான் இவருடைய நோயே என்பதால் இது பின்வாசல் வழி. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பொதுக் கணக்கு. மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடம் நடந்தால் ஐந்தே நாளில் அது வந்துவிடும். சரக்கு எடுத்துக் கொடுக்கக் கடைப் பையனைக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டு அவரே எழுந்து எடுக்கலாம். காயம் முழுக்க ஆறும் வரை டாக்டரிடம் கேட்டு நடக்கட்டும். செருப்பில்லாமல் எங்கும் போகக் கூடாது, கோயில் வெளிப் பிரகாரத்தில் கல் சுடும் நேரத்தில் அறவே கூடாது.

பாகற்காய் ஜூஸ் வேண்டாம், பொரியல் செய்யுங்கள். வெந்தயம் ஊறவைத்துத் தின்றால் நார்ச்சத்து கிடைக்கும், நல்லது. இரண்டுமே மாத்திரையின் இடத்துக்கு வர முடியாது. பழம் ஒரு நாளைக்கு ஒரு கொய்யாவோ பாதி ஆப்பிளோ, கடித்துத் தின்ன வேண்டும், ஜூஸாக வேண்டாம். உங்கள் ஊர் கடலைமிட்டாய்? கடலை அருமையான பண்டம், பாகுதான் வில்லன். ஒரு கைப்பிடி வறுத்த கடலை போதும். கல்லாப் பக்கத்தில் இருக்கும் மிட்டாய் ஜாடியை எதிர் மூலைக்கு மாற்றிவிடுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதற்காக ஆயுளுக்கும் அதுதான் என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான 'டைரக்ட்' ஆய்வில், நோய் கண்டு ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் கடுமையான குறைந்த கலோரி உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே மூன்று மாதச் சராசரி 6.5-க்குக் கீழே இருந்தது. பதினைந்து கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். அவர்கள் நம்மவர்களைவிடப் பருமனானவர்கள், எண்ணை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் வழி அதுதான். உங்கள் கணவர் ஆறு மாதத்தில் ஐந்து கிலோ குறைக்கட்டும். இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குக் கீழே வர வேண்டும். அதன் பிறகு டாக்டரே மாத்திரையைக் குறைப்பது பற்றிப் பேசுவார். சுகர் மறுபடி ஏறக்கூடிய நோய் என்பதால் அப்போதும் பரிசோதனை தொடரும்.

மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு கொடுங்கள், வயிற்றுக் கோளாறு குறையும். அது மட்டும் என்றால் சுகர் திடீரென்று இறங்குவது அபூர்வம். பிற்பாடு கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சேர்ந்தால் வேளை தவறிச் சாப்பிடக் கூடாது. கை நடுங்கி வியர்த்தால் சுகர் 70-க்குக் கீழே போயிருக்கலாம். அப்போது மட்டும் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் திரும்பச் சோதியுங்கள். கந்த சஷ்டி விரதம் இருப்பவர் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கண் விழித்திரை, சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றை இன்னும் பார்க்கவில்லை என்றால் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். இந்த நோய் தெரிய வருவதற்கு முன்பே சில வருடங்கள் உடம்பில் இருந்திருக்கும்.

தனித்தனிச் சமையலை இன்றோடு விடுங்கள். மேலே சொன்னதில் பிள்ளைகள் சாப்பிடக் கூடாதது எதுவும் இல்லை. அப்பாவுக்கு வந்தது அவர்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று முன்பு சொன்ன ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023-இல் சொன்னது. வளரும் பிள்ளைக்கு இன்னொரு கரண்டி சோறு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாக ஒரு குளுக்கோமீட்டர் வாங்குங்கள். சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் எடுத்து வைத்த இரண்டு மணி நேரத்தில் ஒன்று என்று சோதியுங்கள். ஒரு நாள் இட்லி, ஒரு நாள் கம்பஞ்சோறு, ஒரு நாள் அடை. சாப்பிட்ட பின் 180-க்குள் நிற்கும் பலகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள், தாண்டுவதன் அளவைக் குறையுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் மாமியாருக்கும் எனக்கும் தெரியாதது அந்த மீட்டருக்குத் தெரியும். எண்களைக் கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். வரவு செலவு பார்க்கத் தெரிந்தவர், இரண்டு வாரத்தில் புரிந்துவிடும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.