பாரத்தைக் கழுத்து தாங்குவதா, தோள் தாங்குவதா?
சாக்சபோன் பழகும் பிள்ளைக்கு ஏற்ற வாரைத் தெரிந்தெடுத்தல்



மலையகத்துக் குடும்பங்களுக்குப் பாரம் சுமப்பதைப் பற்றிப் பாடம் சொல்லப் புறப்படுவது, கடற்கரையில் குடியிருப்பவருக்கு உப்பின் சுவையை விளக்கப் போவது போன்றதுதான். ஆயினும் இன்று ஒரு புதுப் பாரம் நம் வீடுகளுக்கு வந்திருக்கிறது. பாடசாலை பாண்ட் குழுவிலோ, பங்கின் வாத்தியக் குழுவிலோ சேர்ந்து சாக்சபோன் பழகும் பிள்ளையின் கழுத்தில் தொங்கும் பாரம் அது. அந்தக் கருவியைத் தாங்கும் வாரை எப்படித் தெரிந்தெடுப்பது என்பதே இன்றைய பாடம். ஒரு துண்டு வாருக்கு இவ்வளவு பேச்சா என்று எண்ணிவிடாதீர்கள். வளரும் பிள்ளையின் கழுத்து எலும்பும், அந்தப் பிள்ளை சங்கீதத்தில் நிலைத்து நிற்பதும் நிற்காததும் இதனோடு சம்பந்தப்பட்டவை.

1. கூடைக் கயிறு சொல்லும் பாடம்

கொழுந்தெடுக்கும் நம் தாய்மாரை ஒரு நாள் உற்றுக் கவனியுங்கள். கூடையோ பையோ முதுகில் இருக்கிறது. அதன் கயிறு தலையில் இருக்கிறது. கயிறு நேரே தலையை அறுக்காதபடி நடுவே ஒரு துணியை மடித்து வைத்திருக்கிறார்கள். பாரம் முதுகோடு ஒட்டி இருக்கிறது, விலகித் தொங்குவதில்லை. மூன்று விதிகளை யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவர்கள் கைக்கொள்கிறார்கள்: பாரம் உடலோடு ஒட்டி இருக்க வேண்டும், கயிறு படும் இடம் அகலமாக இருக்க வேண்டும், நிறுவைக்குப் போய்க் கூடையைக் கொட்டும்போது உடம்புக்குச் சற்று ஓய்வு கிடைக்க வேண்டும்.

தலையில் பட்டையிட்டு முதுகில் சுமக்கும் நேபாளச் சுமைகாரரை ஆராய்ந்த விஞ்ஞானிகள், ஐரோப்பியர் முதுகுப்பையில் சுமப்பதைவிட அவர்கள் குறைந்த சக்தியைச் செலவிட்டே சுமக்கிறார்கள் என்று 2005ஆம் ஆண்டில் எழுதினார்கள். ஆகவே நம் தாய்மாரின் முறை அறியாமையால் வந்ததல்ல. ஆனால் சக்தி குறைவாகச் செலவாகிறது என்பதால் கழுத்துக்கு நோவில்லை என்று ஆகிவிடாது. மாலையில் லயத்துக்குத் திரும்பிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும் தாயைக் கேட்டால் அவரே சொல்லுவார்.

2. சாக்சபோனின் பாரம்

இந்தக் கருவியை ஆக்கியவர் பெல்ஜிய நாட்டின் தினான் என்னும் ஊரில் 1814இல் பிறந்த அடோல்ப் சாக்ஸ். 1846இல் பிரான்சில் இதற்குக் காப்புரிமை பெற்றார். பித்தளையால் செய்யப்பட்டாலும், நாணல் தகட்டை ஊதி ஒலி எழுப்புவதால் இது மரக்குழல் வாத்தியங்களின் வகுப்பைச் சேர்ந்தது. நம்மவர் பலருக்கு இதன் இனிமையை அறிமுகம் செய்தவர் கத்ரி கோபால்நாத் (1949 – 2019). நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்து, கர்நாடக சங்கீதத்தைச் சாக்சபோனில் வாசித்துக் காட்டியவர் அவர். 1994இல் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தில் ஒலித்ததும் அவருடைய வாசிப்புத்தான். அவர் மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து வாசிப்பார். பாண்ட் குழுப் பிள்ளைகளோ நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டியவர்கள். எனவே பாரம் முழுவதையும் அவர்கள் உடம்பே ஏற்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பாரம் எவ்வளவு? சொப்ரானோ வகை ஏறக்குறைய 1.3 கிலோ இருக்கும். பிள்ளைகள் பெரும்பாலும் பழகும் ஆல்ட்டோ ஏறக்குறைய 2.5 கிலோ. டெனர் 3 கிலோவைத் தாண்டும். பாரிட்டோன் 5 அல்லது 6 கிலோ வரை வரும். “இவ்வளவுதானா? அம்மா ஒரு முழுப் பேருக்கு 18 கிலோக் கொழுந்து எடுக்கிறாரே!” என்று பிள்ளை சொல்லக் கூடும். இங்கேதான் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கூடை முதுகோடு ஒட்டி இருக்கிறது. சாக்சபோன் முன்னால் தொங்குகிறது. கூடையை நிறுவையில் கொட்டினால் பாரம் இறங்குகிறது. சாக்சபோனோ பயிற்சி முடியும்வரை அதே பாரந்தான்.

மேலும், நம் தலையே ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ளது. நிமிர்ந்து நிற்கும்போது முள்ளந்தண்டு அதைச் சிரமமின்றித் தாங்குகிறது. தலை முன்னே சாய்ந்தால் பின்கழுத்துத் தசைகள் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். கழுத்து வாரோ தலையை முன்னே சாயவே இழுக்கிறது. இரண்டரைக் கிலோ பெரிதாக உறைப்பது இதனாலேயே.

3. தோல் வேறு, எலும்பு வேறு

வீட்டில் ஒரு சிறு பரீட்சை செய்து பாருங்கள். இரண்டு கிலோ அரிசிப் பையை மெல்லிய நூல் கயிற்றில் கட்டி முன்கையில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் கயிறு தோலில் பதியும். அதே பையை, நான்காக மடித்த துவாயில் கட்டித் தொங்கவிடுங்கள். தோல் நோகாது. ஒரு சென்டிமீற்றர் அகலமுள்ள வார் அழுத்துவதில் ஐந்தில் ஒரு பங்கையே ஐந்து சென்டிமீற்றர் வார் அழுத்தும்.

ஆனால் இன்னும் சற்று நேரம் நீட்டிய கையில் பிடித்திருந்து பாருங்கள். துவாயில் கட்டியிருந்தும் கை களைத்துப் போகும். மெத்தை தோலைக் காத்தது; பாரத்தையோ குறைக்கவில்லை.

இதுவே வாரைத் தெரிந்தெடுப்பதன் அடிப்படை. கழுத்து வாருக்குள் எவ்வளவு பஞ்சு வைத்துத் தைத்தாலும், பாரம் விழுவது கழுத்திலேதான். பாரத்தைக் கழுத்திலிருந்து நீக்க வேண்டுமானால் அதை வேறோர் இடத்துக்கு மாற்ற வேண்டும். அந்த இடம் தோள். தப்பு அடிக்கும் நம் கலைஞர் தப்பின் வாரைத் தோளில் மாட்டிக்கொள்வதும் இந்த அறிவினாலேயே.

4. வார்களின் வகைகள்

முதலாவது, சாதாரணக் கழுத்து வார். பெரும்பாலும் கருவியோடு கிடைப்பது இதுவே. மலிவானது, மாட்டுவது இலகு. குறுகிய பயிற்சிக்கும், அமர்ந்து வாசிப்பதற்கும் போதுமானது. அகலமான தோல் வாரோ மெத்தை வாரோ நல்லது. மெல்லிய நைலோன் வாரைத் தவிர்க்கவும்.

இரண்டாவது, இழுபடும் கழுத்து வார். மாட்டியவுடன் பாரம் குறைந்தது போலத் தோன்றும். ஆனால் நடக்கும்போது கருவி மேலும் கீழும் ஆடும். ஊதுவாய் உதட்டில் நிலைக்காது. கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்து ஏமாறுவது பெரும்பாலும் இதிலேதான்.

மூன்றாவது, இரு தோள் வார். பாடசாலைப் புத்தகப் பையைப் போல இரண்டு தோள்களிலும் மாட்டி, முதுகில் ஒன்றுசேர்வது. கழுத்து விடுதலை அடைகிறது; கருவியும் அதிகம் ஆடுவதில்லை. பவனியில் நடந்து வாசிக்கும் பிள்ளைக்குப் பொருத்தமானது இதுவே. பெண் பிள்ளைகளுக்கு வாங்கும்போது வார் நெஞ்சுக்குக் குறுக்கே அழுத்தாமல் பக்கவாட்டில் செல்லும்படி அமைந்ததைக் கேட்டு வாங்குங்கள். கூச்சத்தினால் பிள்ளை இதை வாய்விட்டுச் சொல்லாது. தாய்தான் கவனிக்க வேண்டும்.

நான்காவது, தோளில் கொளுவும் வளைந்த தண்டுகளும், வயிற்றில் ஊன்றும் சிறு மெத்தையும் உள்ள தாங்கி. இதில் கழுத்தை எதுவும் தொடுவதே இல்லை. டெனர் வாசிக்கும் பெரிய பிள்ளைகளுக்கும், ஏற்கெனவே கழுத்து நோவு உள்ளவர்களுக்கும் உதவும். விலை கூடியது. வயிற்றில் ஊன்றும் மெத்தை சிலருக்குப் பிடிக்காது. ஆகவே போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

5. வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

பிள்ளையையும் கருவியையும் கூட்டிக்கொண்டு போகாமல் வார் வாங்காதீர்கள். சப்பாத்தை அளவு பாராமல் வாங்குவோமா?

முதலில் பிள்ளை நிமிர்ந்து நின்று நேரே பார்க்கட்டும். வாரின் நீளத்தைச் சரிசெய்தபின் ஊதுவாய் தானாகவே வாய்க்கு வர வேண்டும். பிள்ளை குனிந்து ஊதுவாயைத் தேடினால் வார் நீளம். மோவாயைத் தூக்கினால் வார் குட்டை. சின்னப் பிள்ளைக்குக் கடைசி ஓட்டைவரை குறுக்கியும் நீளமாகவே இருந்தால், அந்த வார் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இரண்டாவது, வலக்கைப் பெருவிரலைக் கவனியுங்கள். கருவியின் பின்புறத்தில் பெருவிரல் வைக்கும் கொளுக்கி ஒன்று உண்டு. அது கருவியை நேராக நிறுத்துவதற்கே அன்றி, சுமப்பதற்கு அல்ல. பெருவிரலில் தழும்பு விழுந்தால் வார் தன் வேலையைச் செய்யவில்லை என்பது பொருள்.

மூன்றாவது, ஆழமாக மூச்சு இழுத்து வயிற்றை விரிக்கச் சொல்லுங்கள். விலா எலும்பின் கீழோ வயிற்றிலோ வார் இறுக்கினால் அது உதவாது. மூச்சைத் தடுக்கும் வார் சங்கீதத்தையே தடுக்கிறது.

நான்காவது, கொளுக்கி. திறந்த கொளுக்கி நடக்கும்போது கழன்றுவிடக் கூடும். வில் வைத்து மூடும் கொளுக்கி பத்திரமானது. இரும்புக் கொளுக்கி கருவியின் வளையத்தை அராவாதபடி மேலே பிளாஸ்டிக் உறையிட்டதாக இருப்பது நலம்.

கடைசியாக, இருபது நிமிடமாவது அதைப் போட்டு வாசிக்கட்டும். கடையில் முடியாதாயின், அதே வகை வாரை வைத்திருக்கும் இன்னொரு பிள்ளையிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் எல்லா வாரும் சுகமாகத்தான் இருக்கும்.

6. நம் மலைநாட்டுக்கு வேண்டிய அவதானம்

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டே வாசிப்போம். ஆகவே அதே சட்டையுடன் அளவு பார்க்க வேண்டும். வெயில் ஏறிச் சட்டையைக் கழற்றினால் வாரை மீண்டும் சரிசெய்ய வேண்டும். மேட்டுப் பாதையில் ஏறும்போது உடம்பு முன்னே சாயும். அப்போது கழுத்து வாரில் தொங்கும் கருவி ஆடும். மழையில் நனைந்த தோல் வாரை அடுப்பருகே காய வைத்தால் வெடித்துப் போகும். நிழலில் காற்றாட உலர்த்துங்கள்.

பணம் போதாத வீட்டில் என்ன செய்வது? இருக்கும் கழுத்து வாரின் மேல், பழைய கம்பளித் துணியால் கையகலத்தில் உறை ஒன்று தைத்துப் போடலாம். கூடைக் கயிற்றுக்கு அடியில் துணி மடித்து வைக்கும் கைக்கு இது அரிய வேலை அல்ல. ஆனால் கொளுக்கியையும் பாரம் தாங்கும் தையலையும் வீட்டில் செய்யத் துணிய வேண்டாம். அது அறுந்தால் கருவி நிலத்தில் விழும். உறை போட்டாலும் பாரம் கழுத்திலேயே இருப்பதால், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கருவியை இறக்கி வைத்துத் தோளைச் சுழற்றப் பழக்குங்கள். முடிந்தவரை அமர்ந்து பயிலட்டும். குழுவை நடத்துபவர்கள் எல்லாருக்கும் ஒரே அளவு வார் வாங்காமல், நீளம் மாற்றக் கூடிய இரண்டொரு தோள் வார்களைப் பொதுவில் வைத்திருந்தால் பவனிக்குப் பெரிதும் உதவும்.

7. பிள்ளை சொல்லாத நோவு

இனி, இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வருவோம். நம் பிள்ளைகள் நோவைச் சொல்லுவதில்லை. அட்டைக் கடியோடும் மழையோடும் நாள் முழுவதும் மலையில் நிற்கும் தாய் ஒரு வார்த்தை முறையிடாதபோது, இரண்டரைக் கிலோ பித்தளைக்காக “கழுத்து நோகுது அம்மா” என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு நா எழும்? ஆகவே அது சொல்லாது. ஒரு நாள் “எனக்கு விருப்பம் இல்லை” என்று கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடும். நாமும் பிள்ளைக்குச் சங்கீதத்தில் நாட்டமில்லை என்று முடிவுகட்டி விடுவோம்.

எனவே கேட்காமலே கவனியுங்கள். பயிற்சி முடிந்ததும் கழுத்தைத் தடவுகிறதா? ஒரு தோள் உயர்ந்து நிற்கிறதா? அடிக்கடி தலையிடி என்கிறதா? விரல்கள் விறைக்கின்றன, கை கூசுகிறது என்று சொன்னாலோ, ஓய்வுக்குப் பின்னும் நோவு நீடித்தாலோ வாசிப்பை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். தைலம் தடவி அடுத்த நாளும் அனுப்பிவிட வேண்டாம்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். அம்மா தாங்குகிறார் என்பதற்காக நீங்களும் நோவைத் தாங்கினால் அம்மாவின் பாரத்தில் ஓர் இறாத்தலும் குறையப் போவதில்லை. கழுத்துக்கு எது நல்லது என்று இன்று படித்தீர்கள். இன்று மாலை அம்மா வீடு திரும்பும்போது அவருடைய கூடைக் கயிற்றை எடுத்துப் பாருங்கள். அதன் அடியில் வைக்கும் துணி தேய்ந்திருந்தால், உங்கள் வாருக்கு உறை தைக்கும் நாளில் அதற்கும் ஒன்று தையுங்கள்.

வீட்டில் சேர்ந்து சிந்திக்க

1. நம் வீட்டில் யார் யார் எந்தப் பாரத்தை உடம்பின் எந்தப் பகுதியில் தாங்குகிறோம்?

2. மெத்தை வைப்பதற்கும் பாரத்தை இடம் மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் என்ன?

3. நம்மில் யாராவது, சொன்னால் மற்றவர் என்ன நினைப்பாரோ என்று ஒரு நோவை மறைத்து வைத்திருக்கிறோமா?